உப்புக் கிணற்றடியில் கொத்தவரை

உப்பு அளக்கும் மீட்டரின் நுனியை வாளியில் இருந்த கிணற்றுத் தண்ணீருக்குள் விட்டேன். சின்னத் திரையில் எண்கள் ஏறிக்கொண்டே போயின. இப்போது நின்றுவிடும், இப்போது நின்றுவிடும் என்று பார்த்தேன். நின்ற எண்ணை நம்பாமல் நுனியைத் துடைத்து இன்னொரு முறை விட்டேன். அதே எண்.

என்னைச் சுற்றி மூன்று பேர் இருந்தார்கள். நிலத்துக்குச் சொந்தக்காரரான உம் காலித், அதாவது காலிதின் அம்மா, ஐம்பத்தைந்து வயது விதவை. அவருடைய மஸராவில், அதாவது தோட்டத்தில், வேலை பார்க்கும் முனியசாமி, முதுகுளத்தூர்ப் பக்கத்துக்காரர். என்னை ஜீப்பில் அழைத்து வந்த என் மேலதிகாரி இத்ரீஸ், சூடான் நாட்டு இன்ஜினியர். மூவரும் மீட்டரைப் பார்க்கவில்லை. என் முகத்தைத்தான் பார்த்தார்கள்.

"மாலெஹ்," என்றேன். உப்பு.

உம் காலித் மூக்கின் மேல் மின்னும் அந்த ஊர் முகமூடியைச் சற்றே தூக்கினார். வாளியிலிருந்து ஒரு கை தண்ணீரை அள்ளி மடக்கென்று குடித்தார். இன்னொரு கை அள்ளினார். அதையும் குடித்தார்.

"நான் பொறந்ததுலேருந்து குடிச்சது இந்த மாதிரித் தண்ணிதான்," என்றார் அரபியும் இந்தியும் கலந்த அந்தப் பாஷையில். "நான் நிக்கிறேனா, விழுந்துட்டேனா? பார்த்து எழுது, முஹந்திஸா."

முஹந்திஸா என்றால் பெண் இன்ஜினியர். நான் இன்ஜினியர் இல்லை, வேளாண்மை படித்தவள். அந்த வித்தியாசத்தை விளக்க அது நேரமில்லை. படிவத்தை ஜீப்பின் பானட்டில் வைத்து எழுதினேன். பானட் கொதித்தது. கையைச் சுட்டுக்கொண்டே, கடைசிக் கட்டத்தில் அரபியில் இரண்டு சொல் எழுதினேன். கைர் ஸாலிஹ். தகுதி இல்லாதது.

இத்ரீஸ் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். "கலாஸ்," என்றார். முடிந்தது.

ஒட்டகத்துக்கு உரமா?

தேனியிலிருந்து ஒரு வாசகி இந்தத் தொடரைப் படித்துவிட்டுக் கேட்டிருந்தார்: "பாலைவனத்தில் வேளாண்மை படித்தவருக்கு என்ன வேலை? ஒட்டகத்துக்கு உரம் போடுவீர்களா?"

நியாயமான கேள்வி. கல்யாணமாகி ஷார்ஜா வந்த புதிதில் நானும் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தேன். கணவர் ரமேஷுக்குத் தொழில்பேட்டையில் குழாய் செய்யும் கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டு வேலை. நான் ஒரு வருஷம் ஃபிளாட்டின் பால்கனியில் தொட்டி வைத்துப் புதினா வளர்த்தேன். பட்டம் வாங்கியவள் ஐந்து தொட்டிக்கு அதிகாரி.

பிறகுதான் இந்த வேலை கிடைத்தது. தைத் என்ற ஊரைத் தாண்டி மலையடிவாரத்துக்குப் போகும் வழியில் பெரிய கூழாங்கல் வெளி. அதைக் கட்டம் கட்டமாக அளந்து, ஆடும் ஒட்டகமும் மேய்த்துக்கொண்டிருந்த குடும்பங்களுக்கு அரசாங்கம் பிரித்துக் கொடுத்திருந்தது. ஆளுக்கு இரண்டரை ஏக்கர். ஒரு கிணறு, ஒரு பம்ப், சுற்றிலும் வேலி. எங்கள் சின்னக் கம்பெனி அந்த நிலங்களின் மண்ணையும் தண்ணீரையும் சோதித்துக் கொடுக்கும்.

நிபந்தனை ஒன்று இருந்தது. மூன்றாவது குளிர்காலத்துக்குள் பாதி நிலமாவது பச்சையாக இருக்க வேண்டும். இல்லையென்றால் நிலம் திரும்பப் போய்விடும்.

முன்வரிசைக்காரர்களுக்குக் கவலை இல்லை. வலைக்குடிலில் வெள்ளரி தொங்கியது. காலையில் பிக்கப் வண்டிகள் தக்காளி ஏற்றிக்கொண்டு போயின. கடைசி வரிசையில் பதினொரு நிலம். அதற்கு அப்பால் உப்பளம் போல வெளுத்துக் கிடக்கும் தரை. அந்த வரிசையின் முதல் நிலம்தான் உம் காலிதுடையது.

அவருடைய புருஷன் நிலம் கைக்கு வந்த வருஷமே இறந்துபோனார். மகன் காலிதுக்கு நகரத்தில் உத்தியோகம். "திருப்பிக் கொடுத்துடும்மா" என்று அவர் போனில் சொல்லிக்கொண்டே இருந்தார். இரண்டு குளிர்காலம் போட்டது எல்லாம் கருகிவிட்டது. மிச்சம் இருந்தது ஒரே குளிர்காலம்.

அந்தக் கடைசிக் குளிர்காலத்துக்கு முன்னால்தான் நான் போய் மீட்டரை விட்டேன்.

எந்த மாமா?

ஜீப்பில் ஏறும்போது முனியசாமி ஓடி வந்தார்.

"மேடம், தமிழா நீங்க? பேரு சுகந்தின்னு சார் கூப்புட்டாரு."

"ஆமாங்க. திருச்சி."

"அந்தப் பேப்பருல என்ன எழுதுனீக?"

சொன்னேன். அவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"நெலம் போச்சுன்னா என் விசாவும் போச்சு மேடம். என் விசா இந்த நெலத்துக்கு எடுத்தது. அத விடுங்க, வேற வேலைக்குப் போயிக்கிருவேன். ஆனா மாமா என்ன பண்ணுவாக? அவுக புருசன் கையால வேலி ஊண்டுன நெலம்."

இங்கே ஒரு விஷயம் சொல்லிவிட வேண்டும். இந்த ஊரில் வீட்டுக்காரம்மாவை வேலைக்காரர்கள் "மாமா" என்றுதான் கூப்பிடுவார்கள். அரபியில் அது அம்மா. முனியசாமி வந்த புதிதில், "மாமா நல்லா சோறு போடுறாக, மாமா கோவக்காரவுக" என்று ஊருக்குப் போன் பண்ணியிருக்கிறார். அவருடைய மனைவி பாண்டியம்மாள் இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "எந்த மாமா? நம்ம சனத்துல யாரு அங்க இருக்கா?" என்று கேட்டாராம். ஒரு நாள் வீடியோ காலில் உம் காலிதைக் காட்டிய பிறகுதான் அந்த விவகாரம் தீர்ந்தது.

"உப்புன்னு எழுதுங்க, வேணாங்கல," என்றார் முனியசாமி. "ஆனா ஆகாதுன்னு எப்புடி எழுதுனீக? எங்க நெலத்தப் பார்த்தா என்ன எழுதுவீக?"

வெள்ளைக்காரர் கொடுத்த நிலம்

அந்த நிலத்தின் கதையை அவர் அன்றைக்கு இரண்டு நிமிஷத்தில் சொன்னார். பிறகு பல நாட்களில் துண்டு துண்டாக முழுவதும் கேட்டேன்.

வெள்ளைக்காரர் காலத்தில், நிலமே இல்லாத குடும்பங்களுக்கென்று கலெக்டர் தரிசு நிலம் ஒதுக்கினாராம். நிபந்தனைப் பட்டா. இத்தனை வருஷத்துக்குள் திருத்திப் பயிர் வைக்க வேண்டும், விற்கக் கூடாது. முனியசாமியின் பாட்டனாரின் அப்பாவுக்கு மூன்று ஏக்கர் கிடைத்தது.

"குடுத்தவுக நல்ல நெலத்தக் குடுப்பாகளா?" என்றார். "கம்மாக்கரைக்கு அங்கிட்டு, உப்புப் பூத்துக் கெடந்த கருவக்காடு. யாரும் வேண்டாத நெலம். ஊருல சிரிச்சாகளாம். திருத்துனா பார்ப்போம்னு. எங்க ஆளுக திருத்திட்டாக. இன்னைக்கும் அந்த மூணு ஏக்கர் எங்க பேருலதான் இருக்கு. மொளகா போடுறோம். பாண்டியம்மாதான் பார்க்குறா."

அதைச் சொல்லும்போது அவர் குரலில் இருந்த தோரணை, நிலம் பார்க்க வந்த எந்த அதிகாரியிடமும் நான் கேட்டதில்லை.

ஆனால் நானும் படித்தவள். "இந்தத் தண்ணிக்கு மிளகாய் தாங்காதுங்க. உங்க ஊர்ல மழை பெஞ்சு உப்பைக் கழுவும். இங்க எங்க மழை?" என்றேன்.

"போன வருசம் மொளகாதான் போட்டேன். கருகிருச்சு," என்று ஒப்புக்கொண்டார்.

ஜீப் கிளம்பிவிட்டது. அறிக்கையும் அன்று மாலையே அலுவலகம் போய்விட்டது. பத்து நாளில் கடைசி வரிசை முழுவதற்கும் கடிதம் வந்தது. குளிர்காலம் தொடங்கும்போது குழு ஒன்று நேரில் வந்து பார்க்கும், பயிர் இல்லாத நிலம் திரும்பப் பெறப்படும் என்று. முதல் நிலத்தின் சோதனை முடிவு இது என்று என் தாளையும் அதோடு இணைத்திருந்தார்கள். என் இரண்டு சொல், பதினொரு வீட்டுக் கதவைத் தட்டியிருந்தது.

தரக்கட்டுப்பாட்டுக்காரரின் கேள்வி

அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. ரமேஷ் விஷயத்தைக் கேட்டுவிட்டு, அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே கேட்டார்:

"நீ எதை டெஸ்ட் பண்ணே?"

"கிணத்துத் தண்ணிய."

"எதைத் தகுதியில்லன்னு எழுதினே?"

"நிலத்தை."

"மண்ணு எடுத்தியா?"

"எடுக்கல. அந்தத் தண்ணிக்கு எதுக்கு மண்ணுன்னு இத்ரீஸ் சொன்னார்."

"எங்க கம்பெனியில வாஷரை டெஸ்ட் பண்ணிட்டுக் குழாய ரிஜெக்ட் பண்ணேன்னு வெச்சுக்கோ, என்னத் தூக்கிடுவாங்க," என்றார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அவர்மேல் இல்லை.

மறுநாள் இத்ரீஸிடம் கேட்டேன். நல்ல மனிதர், ஆனால் களைத்துப்போனவர். "சுகந்தி, மூடின ஃபைலைத் திறக்காதே. நம்ம கையெழுத்தை நாமே தப்புன்னு சொன்னா அடுத்த வருஷம் யார் நமக்கு வேலை கொடுப்பாங்க?" என்றார்.

"லீவு நாள்ல போனா?"

"லீவு நாள்ல நீ எங்கே போறேன்னு நான் எதுக்குக் கேட்கணும்?" என்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

சாய்ஸில் விட்ட கேள்வி

அடுத்த விடுமுறை நாளில் ரமேஷ் காரை ஓட்ட, நான் மண்ணெடுக்கும் பைகளோடு போனேன்.

முனியசாமி போன குளிர்காலத்து மிளகாய்ப் பாத்திகளைக் காட்டினார். நீளமான மண் பார்கள். ஒவ்வொரு பாரின் உச்சியிலும் காய்ந்த மிளகாய்க் குச்சி. குச்சியைச் சுற்றி மாவு தூவியது போல வெள்ளை உப்பு.

ஆனால் பாரின் சரிவில், தண்ணீர் ஓடும் இடத்துக்குச் சற்று மேலே, ஒரு பச்சைக் கோடு. குனிந்து பார்த்தேன். சாரணைக் கீரை. யாரும் விதைக்காமல், யாரும் கவனிக்காமல், பாரின் இடுப்பில் ஒட்டியாணம் கட்டியது போல வளர்ந்திருந்தது.

"ஏன் உச்சியில நட்டீங்க?" என்றேன்.

"திட்டத்துக்காரவுக குடுத்த நோட்டீசுல படம் அப்புடித்தான் இருந்துச்சு. இந்த ஊரு மொற போலன்னு நெனச்சேன். வீட்டுல சொன்னாக, பாரு உச்சில வைக்காதீக, உப்புத் தலைக்கு ஏறும், இடுப்புல வையிங்கன்னு. நாந்தான் கேக்கல."

கல்லூரியில் இதே விஷயம் ஒரு பரீட்சையில் வந்தது. உவர் நீர்ப் பாசனத்தில் பாரின் எப்பகுதியில் விதைக்க வேண்டும், காரணம் கூறுக. ஐந்து மதிப்பெண். நான் சாய்ஸில் விட்டுவிட்டேன். திருச்சிக்காரிக்குக் காவிரித் தண்ணீர். உவர் நீர் எதற்கு என்ற நினைப்பு.

உச்சியில் ஒரு பை, சரிவில் ஒரு பை, அடியில் ஒரு பை என்று நிலம் முழுக்க எடுத்தேன். ஆய்வகத்தில் கரைத்து மீட்டரை விட்டபோது எனக்கே நம்பிக்கை வரவில்லை. உச்சி மண்ணில் இருந்த உப்பில் மூன்றில் ஒரு பங்குகூடச் சரிவில் இல்லை. தண்ணீர் நகரும்போது உப்பைத் தள்ளிக்கொண்டே போய் உச்சியில் கொட்டிவிடுகிறது. இரண்டு வருஷமாக அவர்கள் பயிரை உப்பு கொட்டுகிற இடத்திலேயே நட்டிருக்கிறார்கள்.

அடுத்த கேள்வி, எதை நடுவது. அதற்கு என்னிடம் பட்டியல் இருந்தது. உப்பைத் தாங்கும் பயிர்களின் வரிசை. காய்கறிகளில் ஏறக்குறைய தலைமாட்டில் நின்றது கொத்தவரை.

முனியசாமி சிரித்துவிட்டார். "கொத்தவரங்காயா? மொளகா போட்ட கையி மேடம் இது."

"உங்க கை பேசாம இருக்கட்டும். மிளகாய் கருகினதை நீங்களே பார்த்தாச்சு."

"அத இங்க யாரு திம்பா?"

"ஷார்ஜாவுல எனக்குத் தெரிஞ்சவங்கள்ல பாதிப் பேர்."

உம் காலித் அந்தக் காயைப் பார்த்ததே இல்லை. எங்கள் வீட்டுப் பக்கத்துக் காய்கறிக் கடையில் வாங்கிப் போய்க் காட்டினேன். ஒன்றை எடுத்து இரண்டாக ஒடித்து, முகர்ந்து, "இதுக்கா இவ்வளவு பேச்சு?" என்றார். பிறகு, "யல்லா, போடு," என்றார்.

விதையைக் கையோடு நம்பிவிடவில்லை. அந்தக் கிணற்றுத் தண்ணீரை ஒரு கேன் நிறையக் கொண்டுவந்தேன். சமையல் மேடையில் ஈரத் துணி விரித்து நூறு விதை வைத்தேன். மூன்றாம் நாள் துணியைத் திறந்தால், வெள்ளை வெள்ளையாக மூக்கை நீட்டிக்கொண்டிருந்தன. எண்ணினேன். எண்பதைத் தாண்டியதும் எண்ணுவதை நிறுத்திவிட்டு முனியசாமிக்குப் போட்டோ அனுப்பினேன்.

பம்பு மாஃபி

வெயில் கொஞ்சம் இறங்கத் தொடங்கிய மாதத்தில் விதைத்தார்கள். கொஞ்சம்தான் இறங்கியிருந்தது, பத்து மணிக்கு மேல் நிற்க முடியாது. பாரின் சரிவில், அதன் இடுப்பில், விரல் போட்டு விரல் போட்டு முனியசாமி விதை ஊன்றினார். துளையிட்ட சொட்டுநீர்க் குழாயைச் சரிவுக்குக் கீழே ஓட்டினார். காலையும் மாலையும் தண்ணீர். ஈரம் விட்டுப்போனால் தள்ளிவிட்ட உப்பு திரும்பி வந்துவிடும் என்று சொல்லியிருந்தேன். அதை அவர் என்னைவிட நன்றாகப் புரிந்துகொண்டிருந்தார்.

முளை வந்து, மூன்று இலை விட்டு, நிலம் லேசாகப் பச்சை காட்டிய சமயம். ஒரு வெள்ளிக்கிழமை காலை போன் வந்தது.

"மேடம், பம்பு மாஃபி."

மாஃபி என்றால் இல்லை. மோட்டார் எரிந்துவிட்டது.

"எப்ப நின்னுச்சு?"

"நேத்துச் சாயங்காலம் தண்ணி விடல. மோட்டாரப் பக்கத்து மஸரா பாகிஸ்தான் பாயிகளோட சேர்ந்து மேல தூக்கிட்டோம். காயிலு கருகிக் கெடக்கு. இலை மடங்குது மேடம்."

வெள்ளிக்கிழமை. தொழுகை முடிந்து மாலையில்தான் கடை திறப்பார்கள். ரமேஷ் பேச்சே இல்லாமல் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். தொழில்பேட்டையில் மோட்டார் காயில் சுற்றுகிற ஒரு பாய் அவருக்குப் பழக்கம். அவர் வீட்டுக் கதவைத் தட்டி, விஷயத்தைச் சொல்லி, கடையைத் திறக்க வைத்துவிட்டார். கருகிய மோட்டார் பிக்கப்பில் கடைக்கு வந்து சேர்ந்தது. ஆனால் சுற்றி, காய வைத்துத் திரும்பக் கொடுக்க மறுநாள் மதியமாகும் என்றார் பாய். "ஜல்தி பண்ணா மறுபடி எரியும்," என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

மறுநாள் மதியம் வரை அந்த இளஞ்செடி நிற்காது. நான் கணக்குப் போடத் தெரிந்தவள். நிற்காது.

போனைக் கையில் வைத்துக்கொண்டு பால்கனியில் நின்றேன். அழுகை வந்தது. அப்போது முனியசாமி மறுபடி கூப்பிட்டார். பின்னணியில் லாரிச் சத்தம்.

"மேடம்! மாமா டேங்கரு கொண்டாந்துட்டாக!"

வீட்டுக்குக் குடிக்கவும் குளிக்கவும் வரும் நல்ல தண்ணீர் லாரியை உம் காலித் வழியிலேயே மறித்து நிலத்துக்குத் திருப்பியிருக்கிறார். தம்பி வீட்டு லாரியும் அதன் பின்னால் வந்தது. கொழுந்தன் வீட்டுக்குப் போன் போட்டு மூன்றாவதையும் வரவழைத்தார். மூன்றும் வரிசையாக நின்று சிமென்ட் தொட்டியில் தண்ணீரைக் கொட்டின.

போனைப் பிடுங்கி அவரே பேசினார். "முஹந்திஸா, இன்னைக்கு எங்க குடும்பத்துல ஒருத்தரும் குளிக்கல. காலித் வீட்டுக்கு வந்தான், கை கழுவத் தண்ணி இல்ல. போய்ச் செடியைப் பாருடான்னு விரட்டிட்டேன்."

மகன் போனாராம். போனவர் சும்மா நிற்க வெட்கப்பட்டுக் கந்தூரா என்கிற நீள அங்கியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு குழாயைப் பிடித்தாராம். அதற்குப் பிறகு, நிலத்தைத் திருப்பிக் கொடு என்று அவர் சொன்னதே இல்லை.

மறுநாள் மோட்டார் வந்து இறங்கியது. செடிகள் பிழைத்தன. பிழைத்தது மட்டுமில்லை. அந்த நல்ல தண்ணீர் மண்ணில் மிச்சமிருந்த உப்பையும் இழுத்துக்கொண்டு கீழே போயிருந்தது. மூன்று வாரம் கழித்து நான் போனபோது செடி என் முழங்காலைத் தொட்டது.

உப்பு எங்கே?

குழு வந்த அன்று காற்று குளிர்ந்திருந்தது. இரண்டு அதிகாரிகள், கூட இத்ரீஸ். தலைவர் சின்ன வயதுக்காரர், வெள்ளைக் கந்தூராவில் கஞ்சி மொடமொடத்தது. கையில் ஃபைல். ஃபைலின் முதல் தாள் என் தாள். கடைசி வரிசைக்காரர்கள் பத்துப் பேரும் வேலிக்கு வெளியே வண்டிகளை நிறுத்திவிட்டு நின்றார்கள்.

அவர் ஃபைலைப் பார்த்தார். நிமிர்ந்து நிலத்தைப் பார்த்தார். மறுபடி ஃபைலைப் பார்த்தார்.

பாதி நிலம் கேட்டார்கள். முக்கால் நிலம் பச்சையாக நின்றது. இடுப்புக்கு மேல் வளர்ந்த கொத்தவரை, கொத்துக் கொத்தாகக் காய். ஓரத்தில் அப்போதுதான் விதைத்த பீட்ரூட் சிவப்புக் காம்பு காட்டியது.

"இந்த அறிக்கையை எழுதினது யார்?" என்றார்.

"நான்," என்றேன்.

"அப்போ இது என்ன?" என்று கையை நிலத்தின் பக்கம் வீசினார்.

"அந்த அறிக்கை தப்பு. நான் தண்ணியை மட்டும் பார்த்துட்டு நிலத்தைப் பத்தி எழுதிட்டேன். மண்ணைப் பார்த்த அறிக்கை இது," என்று இரண்டாவது தாள்களை நீட்டினேன். வேலை போனால் போகட்டும் என்று நினைத்தேன் என்று இப்போது எழுதலாம். உண்மையில், போய்விடக் கூடாதே என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் இத்ரீஸைப் பார்த்தார். இத்ரீஸ் பாத்திக்குள் இறங்கி நடந்தார். ஒரு காயைப் பறித்துப் பச்சையாகவே கடித்தார். முகம் கோணியது.

உம் காலித் விடவில்லை. "என்ன, உப்பா?"

"இல்லை. கசக்குது."

"உப்பு?"

"உப்பே இல்லை."

"அப்போ உப்பு எங்கே போச்சு? உங்க ரெண்டு பேர் காகிதத்துலதான் இருக்கா?"

முதலில் சிரித்தவர் இத்ரீஸ்தான். பிறகு குழுத் தலைவர். வேலிக்கு வெளியே நின்ற பத்துப் பேருக்கும் யாரோ சத்தமாகச் சொல்ல, அங்கிருந்தும் சிரிப்பு வந்தது. இத்ரீஸ் என்னிடமிருந்து இரண்டாவது அறிக்கையை வாங்கி, என் தோளில் தட்டி, அதிலும் கையெழுத்துப் போட்டார். பிறகு பழைய தாளை எடுத்து என் முன் வைத்தார்கள். நானே திருத்த வேண்டும் என்றார் தலைவர். இரண்டு சொல்லில் முதல் சொல்லை மட்டும் அடித்தேன். கைர் போனது. ஸாலிஹ் நின்றது. தகுதி உள்ளது.

அன்றே அவர் வேலிப் பக்கம் போய் மற்றப் பத்துப் பேரிடமும் பேசினார். அவர்களுக்கும் இன்னொரு குளிர்காலம் கொடுக்கப்பட்டது. பாரின் இடுப்பில் எப்படி நடுவது என்று காட்ட முனியசாமி பத்து நிலத்துக்கும் போக வேண்டும் என்பது உம் காலித் போட்ட ஏற்பாடு. "என் ஆளு. கேட்டுட்டுக் கூட்டிட்டுப் போங்க," என்றார் அவர்களிடம், மகாராணி மாதிரி.

பாண்டியம்மாள் வந்தார்

அதிகாரிகள் போனதும் முனியசாமி நிலத்தை வீடியோ எடுத்து ஊருக்கு அனுப்பினார். இரண்டு நிமிஷத்தில் குரல் பதிவு வந்தது. ஸ்பீக்கரில் போட்டார்.

"இடுப்புல வெச்சீகளா? போன வருசமே சொன்னேன்ல? கேட்டீகளா? இப்பமாச்சும் சொல்லுங்க அந்த மேடத்துக்கிட்ட, யாரு சொன்ன ரோசனைன்னு!"

எல்லாரும் பாராட்டிக்கொண்டிருந்த மனிதர் தலையைச் சொறிந்தார். உம் காலித் என்னைப் பார்த்து, "என்ன சொல்றா?" என்றார். மொழிபெயர்த்தேன்.

"அவளா சொன்னா?" முகமூடிக்குள் கண்கள் பெரிதாயின. முனியசாமியை ஏற இறங்கப் பார்த்தார். "அப்போ நான் தப்பான ஆளுக்கு விசா எடுத்துட்டேன். அவளுக்கு எடு. யல்லா!"

வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்தோம். அடுத்த குளிர்காலத்தில், மிளகாய் பறிப்புக்கு முன் கிடைக்கிற இடைவெளியில், மூன்று மாத விசிட் விசாவில் பாண்டியம்மாள் வந்து இறங்கினார். விமான நிலையத்துக்கு உம் காலித் தானே போனார், காலித் வண்டி ஓட்டினார்.

நான் மஸரா வாசலில் காத்திருந்தேன். அந்த வருஷம் கடைசி வரிசையில் பதினொரு நிலமும் பச்சை. எந்தப் பக்கம் திரும்பினாலும் கொத்தவரை. மலை நிழல் விழுகிற நேரம். பறித்த காய் கூடை கூடையாக வரப்பில் இருந்தது.

பாண்டியம்மாள் வண்டியிலிருந்து இறங்கினார். என்னைப் பார்த்துக் கும்பிட்டார். புருஷனைப் பார்த்து ஒரு சிரிப்பு. அதற்கு மேல் அவருக்குப் பொறுமை இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டு நேராக நிலத்துக்குள் நடந்தார். ஒரு பாரின் தலைமாட்டில் உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கடைசி வரை நோட்டம் விட்டார். நாங்கள் நாலு பேரும் வரப்பிலேயே நின்றோம்.

எழுந்தார். சேலையைத் தூக்கிச் செருகினார்.

"பாரு கோணலா இருக்கு," என்றார். "அந்த மம்பட்டிய எடுங்க."